வேலங்காய் போன வழி

சித்திரை பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆனதும் வெள்வேல மரம் காயை உதிர்க்கத் தொடங்கும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், அரிவாள் மாதிரி ஒரு வளைவு, பழுத்தால் பழுப்பு நிறம். உள்ளே பத்துப் பதினைந்து விதை இருக்கும். எங்கள் பக்கம் இதை வேலங்காய் என்போம். காய் தரையைத் தொடுவதற்கு முன்பே செம்மறிகள் வந்து மரத்தடியில் நின்றுகொள்ளும். அவை காயை மெல்லுகிற சத்தம், பொரி தின்கிற மாதிரி, வரப்பில் நின்றாலே கேட்கும்.

அந்தக் காய்க்குள் இருந்த விதை போன வழியைத்தான் எழுதப்போகிறேன். ஒரு வழி ஆட்டின் வயிற்றுக்குள் போனது. இன்னொன்று, மரமாகி விறகாகி, திருப்பூர்ச் சாயப்பட்டறையின் பாய்லருக்குள் போனது. மூன்றாவது வழி இப்போதுதான் திறந்திருக்கிறது. பனியன் கம்பெனிகளின் வரவு செலவுக் கணக்கில் நுழைந்து நிலத்துக்கே திரும்பி வருகிற வழி அது. மூன்றையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு. பெரிய கோயில் உள்ள அவிநாசி திருப்பூருக்கு வடமேற்கே இருக்கிறது. எங்கள் ஊர் தென்கிழக்கே, கோவையிலிருந்து கரூர் போகும் சாலையும் திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் நால்ரோடு. விடிகாலையில் கம்பெனி வண்டிகள் இங்கே நின்று ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போகும். நால்ரோட்டிலிருந்து தெற்கிலும் கிழக்கிலும் கொஞ்ச தூரம் நடந்தால் கொரங்காடு தொடங்கிவிடும்.

கொங்கு நாட்டில் காடு என்றால் மானாவாரி நிலம். கொரங்காடு என்றால் அதிலும் உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேல், சுற்றிலும் கிளுவை முள்வேலி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கொரங்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிற பூமி இது. வருசத்துக்கு 600, 650 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல வருசம் என்று அர்த்தம். அந்த மழையில் நெல் விளையாது, ஆனால் புல் விளையும். அந்தப் புல்லைத் தின்றுதான் காங்கேயம் மாடு பேர் வாங்கியது.

வெள்வேல மரத்தை நான் ஒரு நல்ல பங்காளி என்று சொல்வேன். அதன் இலை பொடிப்பொடியானது, நிழல் அடர்த்தியாக விழாது, ஆகவே கீழே புல் சாகாது. வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். புல் காய்ந்துபோன பங்குனி, சித்திரையில் இலையும் காயும் கொடுத்து ஆட்டைக் காப்பாற்றும். கன்று மரத்தில் இரட்டை இரட்டையாய் முள் இருக்கும், வாய்க்கு எட்டுகிற உயரம் தாண்டும்வரை அதுவே காவல்.

விதையின் பழைய வழி இப்படித்தான் போகும். விதைத்தோல் கடினமானது, சும்மா மண்ணில் விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. ஆடு காயை மென்று விழுங்கும்போது பாதி விதை நொறுங்கிப்போகும். தப்பிய விதை வயிற்றின் சூட்டிலும் புளிப்பிலும் ஊறித் தோல் இளகும். சிலது புழுக்கையோடு வெளியே வரும், சிலதை ராத்திரி பட்டியில் அசைபோடும்போது ஆடே துப்பிவிடும். எருவோடு, வேறோர் இடத்தில், தாய்மரத்தின் நிழலுக்கு வெளியே விழுந்த விதை ஐப்பசி மழைக்கு முளைக்கும். என் அப்பாரு சொல்வார்: "வேலா மரத்த ஆரும் வெக்கறதில்ல கண்ணு. ஆடு வெக்கும். நாம வெட்டாம இருந்தாப் போதும்."

வெட்டாமல் இருக்க முடியவில்லை.

1980களில் திருப்பூரின் பனியன் கப்பலேறத் தொடங்கியது. துணியைச் சாயத்தில் முக்கி நிறம் நிற்க வைப்பதற்குக் கொதிநீரும் நீராவியும் வேண்டும். அதற்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு விறகு வேண்டும். சுற்று வட்டாரத்துக் கருவேல், சீமைக் கருவேல், புளி, வேம்பு எல்லாம் லாரி ஏறின. வெள்வேல விறகு நின்று எரியும் என்பதால் அதற்குக் கிராக்கி. ராத்திரி நேரத்தில் விறகு லாரிகள் எங்கள் நால்ரோட்டில் டீ குடிக்க நிற்கும். ஓரமாய் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளில் பட்டை உரிந்து, தெருவிளக்கில் மாட்டெலும்பு மாதிரி வெளுத்துத் தெரியும்.

எங்கள் மரங்களும் அப்படித்தான் போயின. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான வருசம், எங்கய்யன் நாலு ஏக்கர் கொரங்காட்டிலிருந்த வெள்வேல மரங்களை மொத்தமாக விலை பேசினார். மூன்று நாள் ரம்பச் சத்தம் கேட்டது. கடைசி நாள் வியாபாரியின் ஆட்கள் வேரையும் தோண்டி எடுத்துக்கொள்கிறோம், கூடக் கொஞ்சம் தருகிறோம் என்றார்கள். எங்கய்யன் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை. அந்த அடிக்கட்டைகள் மண்ணுக்கடியில் இருந்துகொண்டே இருந்தன.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. நொய்யல் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்ற நிலைக்குத் தொழில் பெரும் செலவில் மாறியது. தண்ணீருக்குக் கணக்குக் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். விறகுக்கு யாராவது கணக்குக் கேட்டதாக எங்கள் ஊரில் எனக்கு நினைவில்லை. ஒரு டி-சர்ட்டின் நிறத்துக்குள் எங்கள் கொரங்காட்டு மரமும் கரைந்திருக்கிறது என்பதை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

விதையின் மூன்றாவது வழி சட்டத்திலிருந்து தொடங்குகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவு. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நிகரமதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருச லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைப் பொதுக்காரியத்துக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் வேளாண் காடுகளும் அந்தப் பொதுக்காரியப் பட்டியலில் இருக்கின்றன. திருப்பூரில் பெரும்பாலான கம்பெனிகள் இந்த வரம்புக்குள் வராத சின்னக் கம்பெனிகள். ஆனாலும் கொடுத்தார்கள். 2015-ல் 'வெற்றி' அமைப்பு 'வனத்துக்குள் திருப்பூர்' என்ற திட்டத்தைத் தொடங்கி, அந்த வருசம் ஒரு லட்சம் மரக்கன்று என்று இலக்கு வைத்தது. வருசா வருசம் அடுத்த கட்டம் என்று தொடர்ந்து, எண்ணிக்கை பத்து லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டது. தொழில் செய்கிறவர்கள், விவசாயிகள், பொதுமக்கள் கூடி இழுத்த தேர் அது. தண்ணீரும் காவலும் கொடுக்கக்கூடிய விவசாயியின் நிலத்தில் நடுவதுதான் அவர்கள் வழி. இந்த ஊரின் சம்பாத்தியம் இந்த ஊர் மண்ணுக்கே திரும்புவதைப் பார்க்க எனக்கு மனம் நிறைகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லாப் பணமும் அப்படிப் பொறுப்பாக வருவதில்லை. 2017 மார்ச் மாதம் ஒரு நிறுவனத்தார் எங்கள் ஓடைப் புறம்போக்கில் மரம் நட வந்தார்கள். பேனர், சாமியானா, தொப்பி, பள்ளிப் பிள்ளைகள். ஜேசிபி வைத்துக் குழி எடுத்து ஒரே காலையில் நட்டு முடித்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. வெயில் நூறு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த பங்குனி அது. வைகாசியில் போய்ப் பார்த்தபோது குச்சிகள் நின்றன. குச்சியில் செடியைக் கட்டிய துணி நாடா இருந்தது. செடி இல்லை.

ஏன் மார்ச்? மார்ச் 31-ல் கணக்கு முடிகிறது, ஆகவே மார்ச். கம்பெனியின் வருசம் பங்குனியில் முடிகிறது. எங்கள் மண்ணில் செடியின் வருசம் ஆவணி, புரட்டாசியில் குழி எடுத்து ஐப்பசி மழையில் தொடங்குகிறது. இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகாததால் எத்தனை ஆயிரம் கன்றுகள் செத்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. இத்தனைக்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. 2021-ல் திருத்திய விதிகளின்படி, ஒரு வேலையைத் 'தொடர் திட்டம்' என்று எழுதிவைத்தால், தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துச் செலவிடலாம். ஒரு மரக்கன்று தன் காலில் நிற்க எங்கள் பக்கம் ஆகிற காலமும் அந்த மூன்று வருசம்தான். கோடையில் டிராக்டர் டேங்கரில் செடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் டிரைவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "செடி வெக்கறது ஒரு நா வேலைங்க. தண்ணி ஊத்தறது மூணு வருச வேலை. மொத நாளுக்குத்தான் எல்லாரும் வர்றாங்க."

அந்த வைகாசிக்குப் பிறகு பொங்கலூர்ப் பக்கம் உள்ள ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போனேன். ஒரு பையில் எங்கள் பக்கத்து வேலங்காய்களை எடுத்துப் போயிருந்தேன். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா காயை உடைத்து விதையை எடுத்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு மூடிவைத்தார். ஆட்டின் வயிறு செய்கிற வேலையை அந்தக் குண்டா செய்தது. மறுநாள் காலையில் ஊதியவை அடியில் கிடந்தன, மிதந்தவற்றை ஒதுக்கினார். செம்மண், மணல், எரு கலந்து அடைத்த கறுப்புக் கவரில் கவருக்கு இரண்டு விதை. ஒரு வாரத்தில் முளைத்தது. இரண்டு பருப்பிலை விரிந்து, நடுவே பொடி இலை எட்டிப் பார்த்தபோது, கவரை ஓரமாய்க் கிழித்துக் காட்டினார். மேலே ஒரு விரல் நீளச் செடி. கீழே வேர் கவரின் அடியைத் தொட்டு, போக வழியில்லாமல் சுருண்டு கிடந்தது. "இத மாத்தி மாத்தி வெச்சு வேர அறுத்து வளத்துவமுங்க. மண்ணுல எறக்குனதும் இதுக்குத் தண்ணி தேடத் தெரியாது. கொஞ்ச நாளைக்கு நாமதான் ஊட்டோணும்" என்றார். வெள்வேல் கேட்டு யாராவது வருவார்களா என்று கேட்டேன். கம்பெனிக்காரர்கள் நிழல் மரமும் பூ மரமும் கேட்பார்கள், விவசாயிகள் தேக்கும் மகோகனியும் செம்மரமும் கேட்பார்கள். முள் மரத்தை யாரும் கேட்டதில்லையாம்.

விவசாயி தேக்கு கேட்பதில் தப்பில்லை. மரம் அவனுக்குச் சோறு போட வேண்டும். ஆனால் ஒரு கம்பெனி "பூமி சூடாகிறது, அதற்காகக் காடு வளர்க்கிறேன்" என்று சொல்லிப் பணம் போடும்போது எது காடு என்ற கேள்வி வந்துவிடுகிறது. இது திருப்பூரின் கேள்வி மட்டும் இல்லை. 2019-ல் ஷெல் எண்ணெய் நிறுவனம் காடு வளர்ப்பு உள்ளிட்ட இயற்கை வழிகளில் மூன்று ஆண்டுகளில் 30 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. 2021-ல் ஆப்பிள் 20 கோடி டாலரில் இதற்கென்றே ஒரு நிதியைத் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2011-ல் ஜெர்மனியின் பான் நகரில், உலக நாடுகள் அழிந்த காடுகளை மீட்பதாகச் சொல்லி ஒப்புக்கொள்ளத் தொடங்கின. அந்த வாக்குறுதிகளை எடுத்து அலசி 2019-ல் 'நேச்சர்' இதழில் சைமன் லூயிஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மீட்பதாகச் சொன்ன நிலத்தில் 45 சதவீதம் ஒரே வகை மரத்தை நட்டு வெட்டி விற்கும் தோப்பு என்றும், தானாக வளர விட்ட காடு அந்தத் தோப்பைவிட 40 மடங்கு கரியைத் தக்கவைக்கும் என்றும் அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். காரணம் எளிது. தோப்பைப் பத்துப் பதினைந்து வருசத்தில் வெட்டிவிடுவார்கள், பிடித்துவைத்த கரி திரும்பவும் காற்றுக்குப் போய்விடும். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி. ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்தால் 1.8 கிலோ அளவுக்குக் கரியமிலவாயு காற்றில் ஏறும். எங்கய்யன் விற்ற மரங்கள் ஏறிய லாரிகளை நினைத்துக்கொண்டு அந்தக் கணக்கை ஒருநாள் போட்டுப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

இன்னொரு செய்திதான் என்னை எங்கள் அடிக்கட்டைகளிடம் கூட்டிக்கொண்டு போனது. ஆப்பிரிக்காவின் நைஜரில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் 1980களின் தொடக்கத்தில் மரம் நட்டு நட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் பாலைநிலத்தில் புதர் என்று நினைத்த ஒன்றைக் குனிந்து பார்த்தால், அது வெட்டிய மரத்தின் கட்டையிலிருந்து வந்த துளிர். மண்ணுக்கடியில் காடு உயிரோடு இருந்திருக்கிறது. துளிர்களில் நல்லதை விட்டு மற்றதைக் கழித்து, ஆட்டிடமிருந்து காப்பாற்றினால் போதும் என்று விவசாயிகளோடு சேர்ந்து செய்தார். 20 ஆண்டுகளில் அங்கே 50 லட்சம் ஹெக்டேரில் ஏறக்குறைய 20 கோடி மரங்கள் திரும்பி வந்தன. 2018-ல் அவருக்கு 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் விருது கிடைத்தது. எங்கய்யன் வேரைத் தோண்ட விடாதது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை.

என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் இப்போது பனியன் கம்பெனி நடத்துகிறான். வெளிநாட்டுப் பையர்கள் தண்ணீர், மின்சாரம், கரி என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கிறார்கள், எங்காவது மரம் வைக்க வேண்டும், உன் காட்டில் இடம் இருக்கிறதா என்று வந்தான். இருக்கிறது, ஆனால் செடி வேண்டாம், அந்தப் பணத்தில் வேலி போட்டுக் கொடு, மூன்று வருசத்துக்கு ஒரு ஆளுக்குக் கூலி கொடு என்றேன்.

"செடி வேண்டாம், வேலி போடுங்கறயே, ரிப்போர்ட்ல என்னன்னு எழுதறது?"

"வேலின்னே எழுது."

ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டான். அவன் மனம் ஆறட்டும் என்று பண்ணையில் வளர்ந்த 40 வெள்வேலக் கன்றுகளையும் நடுவது என்று முடிவானது. 2018 புரட்டாசியில் கம்பி இழுத்தோம். கம்பியை ஒட்டி உள்பக்கமாகக் கிளுவைப் போத்து வெட்டி வரிசையாக ஊன்றினோம். கம்பி துருப்பிடிக்கும் காலத்தில் கிளுவை வேலியாகிவிடும். ஐப்பசி முதல் மழைக்குக் கன்றுகளை இறக்கினோம். குச்சி நட்டு, அவன் கம்பெனி கட்டிங் வேஸ்டில் வந்த பனியன் துணியைக் கிழித்துக் கட்டினோம். சணல் கயிறு பட்டையை அறுக்கும், பனியன் துணி செடி பருக்கப் பருக்க இழுபட்டுக் கொடுக்கும். அந்தத் துணிகளில் ஒன்று நல்ல கிளிப்பச்சை, ஏதோ ஒரு நாட்டுக் குழந்தையின் சட்டையில் மிச்சமானது.

முதல் வருசம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருசம் கொழுக்கட்டைப்புல் முழங்காலைத் தொட்டது. ஊன்றிய கன்றுகளுக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அவற்றுக்குப் பத்தடி தள்ளி, பழைய அடிக்கட்டைகளின் விளிம்பிலும் ஓடிய வேர்களின் மேலும், யாரும் ஒரு சொட்டு ஊற்றாமல், சிவந்த துளிர்கள் கிளம்பின. மூன்றாம் வருசக் கோடையில் துளிரில் வந்தவை என் தோள் உயரம். ஊன்றியவற்றில் பிழைத்தவை என் இடுப்பு உயரம். பண்ணைக் கன்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. தாய்வேர் அழிந்துபோன நிலத்துக்கு, ஓடைக்கரைக்கு, குளக்கரைக்கு அதுதான் வழி. ஆனால் வேர் இன்னும் உயிரோடு இருக்கிற கொரங்காடுகள் காங்கேயம், தாராபுரம், மூலனூர் என்று இந்த வட்டாரம் முழுக்கக் கிடக்கின்றன. மனை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறோம். மரம் வைக்கப் பணம் கொடுக்கிற கம்பெனிகள் இந்த நிலங்களை மனையாகாமல் காப்பதற்குக் கொடுத்தால், வேலிக்குக் கொடுத்தால், மேய்ப்பவனின் கூலிக்குக் கொடுத்தால், அதே பணம் பல மடங்கு மரமாகும். கூடவே பாய்லரில் போகும் விறகையும் குறைக்க வேண்டும். ஒரு வாசலில் மரத்தை வைத்துக்கொண்டு மறு வாசலில் எரித்துக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி நேராகும்?

நான்காம் வருசம் ஆடுகளை உள்ளே விட்டோம். கொரங்காட்டுக்கு ஆடு வேண்டும். இரண்டு மாதம் மேய்ச்சல், பிறகு மாற்றுக் காடு, திரும்ப இங்கே. பக்கத்துக் காட்டில் வெட்டாமல் தப்பிய பெருமரத்தின் காயைத் தின்றுவிட்டு வந்து ராத்திரி எங்கள் பட்டியில் அடைந்தன.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு கம்பெனியிலிருந்து ஒரு பையனை அனுப்பியிருந்தார்கள். மரங்களை எண்ணிப் போனில் பதிய வந்தவன். கையில் இருந்த படிவத்தில் நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை என்று இரண்டே கட்டம். 40 நட்டது, 31 பிழைத்தது என்று எழுதினான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். அடிக்கட்டையில் வந்த மரங்கள் அவன் தலைக்கு மேலே நின்றன. பட்டி கிடந்த இடத்தில், கறுத்த எருவுக்கு நடுவே, இரண்டு பருப்பிலையும் பொடி இலையுமாய் நாற்றங்கால் மாதிரி முளைத்துக் கிடந்தது.

"இதெல்லாம் ஆருங்க வெச்சது?"

"ஆடு வெச்சது கண்ணு."

அவன் எழுதவில்லை, சிரிக்கவும் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் அந்த முளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். புல் அறுக்க வருகிறவர்கள் தெரியாமல் அரிவாளைப் போட்டுவிடுவார்களே என்று கேட்டான். வாஸ்தவம்தான், போடுவார்கள். எழுந்துபோய் வண்டியிலிருந்து ஒரு கைப்பிடி கட்டிங் வேஸ்ட் துணியைக் கொண்டுவந்தான். இருவரும் குச்சிகளை ஒடித்து முளைக்குப் பக்கத்தில் ஊன்றி, குச்சிக்கு ஒரு துண்டு துணி கட்டிக்கொண்டே போனோம். இருட்டும்வரை கட்டியும் பாதிதான் முடிந்தது.